முன்பனிக் காலத்து ஒரு விடுமுறை

மார்கழியும் தையும் முன்பனி; மாசியும் பங்குனியும் பின்பனி. இராப்பொழுதின் முற்கூற்றில் விழுவது முன்பனி என்றும், விடியலை அண்டிய பிற்கூற்றில் விழுவது பின்பனி என்றும் விளக்கம் கூறுவர். பெரும்பொழுதுகள் ஆறனையும் இவ்வாறு கரும்பலகையிலே எழுதிக் கற்பிக்கும் தொழிலில் எனக்கு முப்பதாண்டுகள் கழிந்துவிட்டன. முன்பனி குறிஞ்சித் திணைக்கும் பின்பனி பாலைத் திணைக்கும் உரியனவாகத் தொல்காப்பியர் வகுத்த முறையை மாணவர் தடையின்றி ஒப்புவிக்கும்போது ஆசிரியனுக்கு உண்டாகும் மனநிறைவு தனியானது. பனியை நன்கு அறிந்தவன் என்றே நான் என்னை எண்ணியிருந்தேன்.

எங்கள் நெல்லியடியிலே பனி என்பது யாது? மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடி வரும் இளைஞரின் சங்கொலி கேட்டு வாயிற்கதவைத் திறந்தால், வேலியோரத்துப் பூவரசிலைகளிலே அரும்பி நிற்கும் ஈரம். தோட்ட நிலத்தின்மேல் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருக்கும் புகார். தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் கமக்காரரின் இருமல். இவ்வளவே. அந்நாள்களிலும் வெப்பமானி இருபது பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அதற்கே நாம் நடுங்குகின்றோம். அதற்கே தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி படைத்திருக்கின்றோம். ஒருமுறை மாணவருடன் நுவரெலியா சென்றிருந்தபோது, ஒரு தைமாதக் காலையிலே புற்றரை நரைத்திருக்கக் கண்டேன். உறைபனி என்று மாணவருக்குக் காட்டினேன். சூரியன் எழுந்து சற்று நேரத்திலே அது கரைந்து போயிற்று. எனது பனியறிவு அங்கே முற்றுப்பெற்றது.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், போர் ஓயாதிருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவருக்குப் ‘பனிக்காலம்’ என்ற தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஏனையோர் நான் சொல்லிக் கொடுத்த புல்நுனியையும் முத்துப் போன்ற துளியையும் எழுதியிருக்க, ஒருவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். பனிக்காலத்திலே வானத்திலிருந்து பனி வெள்ளையாக விழும். அம்மா மா அரிப்பது போல இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் வழி மறைந்து போயிருக்கும். வழியைத் தோண்டி எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும். இதுவே அவன் எழுதியதன் சாரம். நான் சிவப்பு மையினால் அப்பந்தியைக் குறுக்கே வெட்டி, கேட்டதை எழுதாதே, கண்டதை எழுதுக என்று ஓரத்திலே குறித்தேன். அவனுடைய தந்தை வெளிநாட்டில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும் வெட்டினேன். அவன் கொப்பியைப் பெற்றுக்கொண்டு ஒன்றும் பேசாமற் போய்விட்டான். அக்கட்டுரையை நானும் மறந்துவிட்டேன்.

2024ஆம் ஆண்டு மார்கழியிலே ரொறன்ரோவில் வாழும் என் மகள் குடும்பத்தைப் பார்க்கச் சென்றேன். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நாலு. நத்தாரையும் புதுவருடத்தையும் சேர்த்து அங்கே பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. அவ்விடுமுறையில் மூன்று நாள் எங்காவது பனி மிகுந்த இடத்துக்குப் போய்த் தங்கவேண்டும் என்பது பிள்ளைகளின் நெடுநாள் வழக்கு. வழக்கு என்று நான் சொல்வது வழக்கமன்று, வழக்காடல். தீர்ப்பு அவர்களுக்குச் சார்பாகவே அமைந்தது.

புறப்பாடே ஒரு பெருஞ்சடங்காக இருந்தது. நம்மூரிலே பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வதாயின் ஒரு சட்டையும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். அங்கே உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கி, இரட்டைக் காலுறை, முழங்கால் அளவான சப்பாத்து, கையுறை, செவியை மூடும் தொப்பி, கழுத்துப் போர்வை என்று ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். எல்லாவற்றையும் அணிவித்து முடித்த வேளையிலே பேரன் தனக்கு ஒன்றுக்கு வருகிறது என்றான். என் மகள் ஒரு சொல்லும் சொல்லாமல் முதலிலிருந்து கழற்றத் தொடங்கினாள். எனக்கும் அவ்வாறே கவசம் பூட்டினார்கள். கண்ணாடியிலே பார்த்தபோது வடமராட்சிப் பண்டிதர் ஒருவரும் அதிலே தென்படவில்லை.

நாங்கள் சென்ற இடத்துக்குப் புளூ மவுன்ரன் என்று பெயர். ரொறன்ரோவிலிருந்து நானூறாம் இலக்க நெடுஞ்சாலையிலே பரி நகரம்வரை வடக்கே ஓடி, அப்பால் மேற்கே திரும்பிக் கொலிங்வூட் என்னும் ஊரைக் கடந்தால், இரண்டு மணித்தியாலப் பயணம். நீலமலை என்று மொழிபெயர்த்தால் நம்மவர் உதகமண்டலத்தை நினைப்பர். அதன் உயரத்தோடு ஒப்பிட இது ஒரு மேடுதான். அடியிலிருந்து உச்சிக்கு இருநூறு மீற்றருக்குச் சற்று அதிகம். நயாகரா ஆறு எந்தப் பாறைத்தொடரின் விளிம்பிலிருந்து அருவியாக வீழ்கின்றதோ, அதே தொடரின் மற்றொரு பகுதி அது. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய யோசோ வைடர் என்பவர் 1941இலே அச்சரிவிலே பனிச்சறுக்கு நிலையத்தைத் தொடக்கினார். அகதியும் குடியேறியும் வந்தவர்களே அந்நாட்டின் பனியை விளையாட்டாகவும் ஆக்கியிருக்கின்றார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பரி நகரைத் தாண்டியதும் வானம் திடீரென்று மாறிற்று. இதுவரை தெளிந்திருந்த வெளி சாம்பல் நிறமாகி, எதிரே வரும் வாகனத்தின் விளக்கு மட்டும் தெரியும்படி வெண்மை வந்து மூடியது. இஃது ஏன் இங்கே மட்டும் என்று மருமகனிடம் கேட்டேன். அவர் பாதையிலிருந்து கண்ணெடுக்காமலே விளக்கினார். ஹியூரன் ஏரியும் அதன் கிளையான ஜோர்ஜியன் குடாவும் கோடையிலே பெற்ற வெப்பத்தை மார்கழியிலும் எளிதில் விடுவதில்லை. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் முகந்துகொள்ளும். கரையேறி மேட்டிலே மோதும்போது அவ்வீரத்தையெல்லாம் பனியாகக் கொட்டிவிடும். ஏரி முழுவதும் உறைந்துவிட்டால் முகப்பதற்கு நீரின்றி அக்கொட்டுதலும் குறைந்துவிடும்.

அவர் சொல்லி முடித்ததும் எனக்கு எங்கள் வாடைக்காற்றே நினைவுக்கு வந்தது. அதுவும் பெருநிலப்பரப்பிலிருந்து வறண்ட காற்றாகப் புறப்பட்டு, வங்காள விரிகுடாவின்மேல் ஓடி நீரை முகந்து, ஐப்பசி கார்த்திகையிலே பருத்தித்துறைக் கரையேறி நம் வயல்களிலே பெய்கின்றது. செயல் ஒன்றே. இங்கே மழை, அங்கே பனி. நக்கீரர் நெடுநல்வாடையின் 188 அடிகளில் அக்காற்றின் கொடுமையைப் பாடும்போது, மாடுகள் மேய்ச்சலை மறந்ததையும், பறவைகள் விழுந்ததையும், கறவை தன் கன்றையே உதைத்து ஒதுக்கியதையும் காட்டுகின்றார். அதனை மிகைப்படக் கூறல் என்று நான் சில வேளை மாணவருக்குச் சொன்னதுண்டு. வாகனக் கதவைத் திறந்து இறங்கியபோது அக்கருத்தை மீளப் பெற்றுக்கொண்டேன். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை. மூக்கினுள்ளே ஈரம் உறைவதை முதன்முறையாக உணர்ந்தேன்.

ஆனால் முதலில் என்னை நிறுத்தியது குளிரன்று, அமைதி. மழைக்கு ஓசையுண்டு. ஓலைக்கூரையிலே ஒன்று, தகரத்திலே ஒன்று, வாழையிலையிலே ஒன்று. இது யாதோர் ஓசையும் இல்லாமல் இறங்குகின்றது. புதிதாய் விழுந்த பனியின் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் அது ஓசையை உட்கொள்ளுமாம். பத்து அங்குலம் பனியை உருக்கினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீர்தான் மிஞ்சும் என்பர். எஞ்சியது முழுவதும் காற்று. அவ்வளவு பெரிய மலைச்சரிவிலே அத்தனை பேர் சறுக்கி விளையாடியும் கோயில் உள்வீதி போன்றதோர் அடக்கம் இருந்தது.

பேத்தி தன் கறுப்புக் கையுறையிலே விழுந்த ஒரு துகளை என் கண்ணுக்கருகே கொண்டுவந்தாள்.

“அம்மப்பா, எண்ணுங்கோ!”

எண்ணினேன். ஆறு முனைகள். அடுத்ததையும் எண்ணினேன். ஆறு. செல்வச் சந்நிதியானின் மண்ணிலே பிறந்தவனுக்கு ஆறு என்றால் வேறென்ன தோன்றும்? அறுகோணச் சக்கரத்தை வானம் வரைந்து வரைந்து எறிகின்றது என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீரின் அணுத்திரள்கள் உறையும்போது ஆறுபக்கக் கட்டமைப்பாகத்தான் அடுக்கப்படும் என்று ஆசிரியை சொன்னாராம். ஆறு முனை ஏன் என்ற வினாவை 1611இலேயே கெப்ளர் என்னும் வானியல் அறிஞர் எழுப்பி, ஒரு சிறுநூலாக்கித் தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்துக் கமக்காரர் வில்சன் பென்ற்லி 1885 தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களை ஒளிப்படமாக எடுத்தார். யப்பானியரான நக்காயா 1936இலே ஆய்வுகூடத்தில் செயற்கையாகவே ஒரு பனித்துகளை வளர்த்துக் காட்டினார். கமக்காரர் ஒருவர் தம் தொழிலுக்கு இடையூறாக வீழும் பொருளை இவ்வளவு அன்போடு நோக்கினார் என்பதை எண்ணுந்தோறும் வியப்பாக இருக்கின்றது.

இனி அந்த வினாவுக்கு வருகின்றேன். பேத்தி சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகின்றவள். விடுமுறையைப் பற்றித் தமிழிலே பத்து வசனம் எழுதிவரும்படி அங்கே பணித்திருந்தார்கள். கையிலே ஒரு பிடி வெண்மையை அள்ளிக்கொண்டு,

“இதுக்குத் தமிழிலை என்ன?” என்றாள்.

“பனி, பிள்ளை.”

“இல்லை அம்மப்பா. பனி எண்டா புல்லிலை இருக்கிற தண்ணி. எங்கடை புத்தகத்திலை படம் இருக்கு.”

“அதுவும் பனிதான், இதுவும் பனிதான்.”

“அப்ப ரோட்டிலை வழுக்கிறது?”

“அது பனிக்கட்டி.”

அவள் முகத்திலே பெருங்குழப்பம் தோன்றிற்று. “பனிக்கட்டி நீங்கள் ஊரிலையிருந்து கொண்டந்தது எல்லோ? பிளேன்ரீயோடை கடிக்கிறது!”

நான் நெல்லியடிச் சந்தையில் வாங்கிக்கொண்டு போன பனங்கட்டிக் குட்டான்களைத்தான் அவள் சொன்னாள். மகள் சிரித்து விழுந்தாள். எனக்குச் சிரிப்பு வரச் சிறிது நேரம் ஆயிற்று. பனை என்றால் இருபது சொல் என்னிடம் உண்டு. வடலி, குருத்தோலை, சார்வோலை, காவோலை, கங்குமட்டை, பன்னாடை, பாளை, நுங்கு, சீக்காய், பூரான், கிழங்கு, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, கருப்பநீர், பனங்கட்டி என்று மூச்சுவிடாமற் சொல்வேன். பனி என்றால் ஒரே சொல். புல்லின்மேல் உள்ளதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, இடுப்பளவு கிடப்பதும் பனி. பிள்ளைகளின் பெற்றோரோ அதையும் விட்டு ‘ஸ்னோ கொட்டுது’ என்கின்றார்கள். வினைச்சொல் மட்டும் நம்முடையது.

வடதுருவத்து எஸ்கிமோவரிடம் பனிக்கு நூறு சொல் உண்டென்று கூறும் வழக்கமொன்றுண்டு. 1911இலே பிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் எடுத்துக்காட்டியன நான்கே. வாய்க்கு வாய் அது நூறாகப் பெருகிவிட்டது. எண்ணிக்கை எவ்வாறாயினும், கையாளும் பொருளுக்கே மொழி சொல்லைப் பெருக்கும் என்பதற்கு எங்கள் பனையே போதிய சான்று.

பழந்தமிழர் வெண்பனியை அறியாதவர் அல்லர். புறநானூற்றின் ஆறாம் பாட்டிலே காரிகிழார் நாட்டின் வட எல்லையாகக் காட்டுவது பனி படிந்த நெடிய மலையையே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல்லெடுக்க இமயம்வரை சென்றதாகச் சிலம்பு கூறும். ஆயினும் அவர்களுக்கு அது தொலைவிலுள்ள மலையின் அடைமொழி. வாயிற்படியிலே கிடக்கும் பொருளன்று. ஆகவே ஒரு சொல் போதுமாயிருந்தது. அச்சொல்லுக்கு வேறொரு பக்கமும் உண்டு. பனித்தல் என்றால் நடுங்குதல். துளித்தல் என்றும் பொருள்படும். அஞ்சியவன் மெய் பனிக்கும். அழுபவன் கண் பனிக்கும். இவற்றையெல்லாம் ஏழு வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு பாகைக் கடுங்குளிரிலே நின்று எடுத்துரைக்க முற்பட்டேன் என்பது என் தொழிலின் பழக்கதோஷம். அவள் பொறுமையோடு ஓர் அரை நிமிடம் கேட்டுவிட்டுச் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பேரன் பனி மனிதன் செய்யவேண்டும் என்று அடம்பிடித்தான். எவ்வளவு உருட்டியும் பனி உதிர்ந்து உதிர்ந்து போயிற்று. கடுங்குளிரிலே பனி வறண்ட பொடியாக இருக்கும். பூச்சியப் பாகையை அண்டி வரும்போதுதான் ஒட்டும் பதம் வரும். மாவுக்குத் தண்ணீர்ப் பதம் போல என்க. மறுநாள் சற்று வெப்பம் ஏறவே பதம் வந்தது. மூன்று உருண்டைகளை அடுக்கி, முகத்திலே ஒரு கரற் கிழங்கைச் செருகினோம். கிழங்கு நீளமாக இருந்தமையாற் சற்றே கீழ்நோக்கிச் சரிந்தது. “பிள்ளையார்!” என்று பேரன் கூவினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கின்றேன். மனிதனைப் பிடிக்கப் பிள்ளையார் ஆனது அன்றுதான். மார்கழி மாதம் அல்லவா? எங்கள் முற்றத்திலே சாணத்தாற் பிடித்து அறுகம்புல் செருகும் பிள்ளையாரின் நினைவு எனக்கும் மகளுக்கும் ஒரே கணத்திலே வந்தது. அறுகுக்கு எங்கே போவது? பைன் மரத்து ஊசியிலையை ஒடித்து அவள் தலையிலே செருகினாள். வழியால் வந்த வெள்ளையர் தம்பதியர் அவ்வுருவத்தைப் பார்த்து யானையா என்று கேட்டுப் படமெடுத்துச் சென்றனர்.

அன்றிரவு விடுதியறையிலே பேத்தி தன் பத்து வசனங்களை எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். முதல் வசனமே என் கண்ணிற் குத்திற்று. ‘வானத்தில் இருந்து பணி விழுந்தது.’ இரண்டு சுழிக்குப் பதிலாக மூன்று சுழி. என் சட்டைப் பையிலே சிவப்பு மைப் பேனா எப்போதும் இருக்கும். கை தானாகவே அதற்குச் சென்றது. பணி என்றால் வேலை, பிள்ளை, பனி என்றால்தான் ஸ்னோ என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, சுவரோரம் பிள்ளைகளின் ஈரக் கையுறைகளைக் காயவைத்துக்கொண்டிருந்த மருமகன் திரும்பிப் பார்த்தார்.

“வெட்டாதேங்கோ மாமா. பிள்ளை எழுதினது சரிதான். எங்களுக்கு அது பணிதான்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். பிள்ளைகள் உறங்கிய பின்னர் அவர் பேசியவற்றிலே சிரிப்பு இருக்கவில்லை. அவர் அந்நாட்டுக்கு வந்தது 2008இலே, இருபத்திரண்டு வயதில். கைநிறையக் கடன். முதற் பனிக்காலத்தை ஊரிலிருந்து அணிந்துவந்த துணிச் சப்பாத்தோடு கழித்தாராம். இரவு முழுவதும் ஓரிடத்திலே தரை துடைக்கும் வேலை. விடியற்புறம் வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலை. வாயிற்படிகளிலே பனி மூடிக் கிடக்கும். அதன் கீழே பனிக்கட்டி இருக்கிறதா இல்லையா என்பது விழுந்த பின்னரே தெரியும். இருமுறை விழுந்திருக்கின்றார். மணிக்கட்டிலே ஒரு தழும்பு இன்றும் உண்டு. கை விறைத்துப் பத்திரிகையின் தாள் பிரிக்க வராத நாள்களிலே வாயால் ஊதி ஊதிப் பிரிப்பாராம். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிலே வன்னியிலிருந்த உறவினரிடமிருந்து தொலைபேசி வராதா என்று நடுப்பனியிலே நின்று காத்த கதையைத் தொடங்கினார், முடிக்கவில்லை.

“பதினாறு வருஷமாய் இதை வழிச்சு வழிச்சு எறிஞ்சனான், மாமா. காசு குடுத்து இதைப் பாக்க வருவன் எண்டு ஆர் நினைச்சது? நேற்றுத்தான் முதன்முதலா இதுக்கை உருண்டு விளையாடினனான்.”

விளக்கொளியிலே பார்த்தேன். அவருடைய கண்கள் பனித்திருந்தன. அச்சொல்லுக்கு நான் காலையிலே பேத்திக்குச் சொன்ன பொருள் இதுதான்.

எங்களூர் மக்கள் பனிநாடுகளுக்குச் சென்ற வரலாறு நீண்டது. குருநகர் அந்தோனி இராஜேந்திரம் மீன்பிடித் தொழிலை அறிவதற்காக நோர்வே சென்றது 1956இலே. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் அது ஒருவர் இருவர் பயணமாக இருக்கவில்லை. 1986 ஓகஸ்டிலே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருங்கியிருந்த 155 தமிழர்களை நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் மீனவர் கண்டு கரைசேர்த்தனர். நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கிலே, மாதக்கணக்கிற் சூரியன் உதிக்காத ஊர்களின் மீன் பதனிடும் நிலையங்களில் நம் இளைஞர் நின்று உழைத்தனர். இவர்களிடையே பிறந்த எழுத்தை இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் 1994இலே ஒரு தொகுதியாக்கியபோது அதற்கு இட்ட பெயர் ‘பனியும் பனையும்’. அந்நூலை நான் அக்காலத்திலேயே படித்தவன். அந்தத் தலைப்பின் ஓசை நயத்தை வகுப்பிலே எடுத்துக் காட்டியவன். ஓசையை மட்டுமே காட்டினேன் என்பது அன்றிரவுதான் விளங்கிற்று.

மறுநாள் புறப்படும் காலை. இரவெல்லாம் கொட்டிய பனியில் வாகனங்கள் வெண்குவியல்களாகக் கிடந்தன. எது எங்களது என்று அறியக் கூட முடியவில்லை. பாதையிலே உப்பைத் தூவிக்கொண்டு ஒரு பாரவண்டி சென்றது. உப்புக் கலந்தால் நீர் பூச்சியத்திலே உறையாது. இன்னும் கீழே இறங்கினால்தான் உறையும். அதே ஹியூரன் ஏரிக்கரையிலுள்ள கொடெரிச் என்ற ஊரிலே, நிலத்தின் கீழ் ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது மீற்றர் ஆழத்திலே உலகின் மிகப்பெரிய உப்புச் சுரங்கம் இருக்கின்றதென மருமகன் கூறினார். ஆனையிறவில் வெயிலிலே விளைவதை மட்டும் உப்பென்று அறிந்த எனக்கு அதுவும் புதுமை.

அவர் சவளை எடுத்தார். நானும் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வேண்டாம் மாமா, இடுப்புப் பிடித்துவிடும் என்று தடுத்தார், மீறி அள்ளினேன். தும்பு போல இருக்கும் என்று எண்ணியது ஈரமணல் போலக் கனத்தது. பத்துச் சவளுக்குள் மூச்சிரைத்தது. கவசத்தின் உள்ளே வியர்வை, வெளியே விறைப்பு. நிமிர்ந்து நின்றபோது மீண்டும் பனி இறங்கத் தொடங்கிற்று. வழித்த இடமெல்லாம் கண்முன்னே வெளுத்துக்கொண்டு வந்தது. பேத்தி அண்ணாந்து நாவை நீட்டித் துகள்களை ஏந்திக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து,

“அம்மப்பா, அம்மா புட்டுக்கு மா அரிக்கிற மாதிரி இருக்கெல்லோ!” என்றாள்.

நான் சவளை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். மா அரிப்பது போல. வழி மறைந்து போகும். வழியைத் தோண்டி எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும். அந்த எட்டாம் வகுப்புப் பையனின் கொப்பி என் கண்முன்னே விரிந்தது. குறுக்கே நான் இழுத்த கோடும் தெரிந்தது. எவரோ ஒரு தந்தை, நிமிடத்துக்கு இவ்வளவென்று காசு கரையும் தொலைபேசியிலே, தான் கண்டதைத் தன் மகன் காணும்படி சொல்ல முயன்றிருக்கின்றார். அவருக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்த பொருள் அம்மாவின் அரிதட்டு ஒன்றுதான். அதைக்கொண்டு அவர் உவமை அமைத்தார். அவன் அதைப் பிழையின்றிப் பெற்று எழுதினான். உவமைக்கு இலக்கணம் கற்பிக்கும் நான் அதை வெட்டினேன்.

தை பிறப்பதற்கு முன்னரே ஊர் திரும்பினேன். திருவெம்பாவையின் கடைசி நாள்கள். அதிகாலையிலே சங்கு ஊதிக்கொண்டு பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையால் வந்தார்கள், பூவரசிலைகள் நனைந்திருந்தன. பழைய மாணவர் சிலரிடம் அந்தப் பையனைப் பற்றி விசாரித்தேன். அவன் பள்ளிப் படிப்பு முடியுமுன்பே தந்தையிடம் போய்விட்டானாம். எந்த நாடு, எந்த நகரம் என்பது ஒருவருக்கும் திடமாகத் தெரியவில்லை. “குளிர் தேசம், சேர்” என்று மட்டும் சொன்னார்கள்.